வீட்டுக்கு ஒரு ஓட்டு

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் கைதட்டியே முடித்துவிட்டார்கள்.

எங்கள் வளர்மதி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழு இப்படித்தான் நடக்கும். ஒருவர் எழுந்து, “தலைவராக அண்ணன் கிட்டுசாமி அவர்களையே முன்மொழிகிறேன்” என்பார். இன்னொருவர் உட்கார்ந்தபடியே வழிமொழிவார். எல்லாரும் தட்டுவார்கள். தட்டி ஓயும் நேரத்தில் சரியாக வாழைக்காய் பஜ்ஜி வரும். பஜ்ஜி வாசம் வந்த பிறகு எவனும் கேள்வி கேட்க மாட்டான் என்பதைக் கிட்டுசாமி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இது நான்காவது முறை.

நான் எழுந்து நின்றேன். “ஏனுங்க கிட்டுசாமியண்ணா, ஓட்டு எப்பங்க போடறது?”

“இப்பத்தான தட்டுனாங்க தம்பி.”

“தட்டாதவங்கள ஆருங்க எண்ணுனது?”

எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சென்னியப்பண்ணா, பஜ்ஜி ஆறுதுங்க, உக்காருங்க” என்றது. யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லார் வாயிலும் பஜ்ஜி இருந்தது.

நான் காப்பீட்டு சர்வேயர். இடிபட்ட வண்டியைப் பார்த்து, சொன்ன மாதிரிதான் இடித்ததா, இல்லை க்ளெய்முக்காக இடித்ததா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தேழு வருஷமாக அழுகிறவனைப் பார்த்ததில்லை, பம்பரைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தச் சங்கத்தின் பம்பரில் ஒரு கோளாறு இருக்கிறது. வெயில் வந்தால் போர் மோட்டார் ரிப்பேராகும். மோட்டார் ரிப்பேரானால் டேங்கர் லாரி வரும். லாரி கிட்டுசாமியின் மச்சானுடையது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விட்டுத் தொலைக்கலாமா என்று திரும்பி வரும்போது தோன்றியது. அப்படித் தோன்றும்போது ஆட்களை நினைக்கக் கூடாது. ஆட்களை நினைத்தால் கசந்துபோகும். விதிகளை நினைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு. அதை மறைவாகப் போட வேண்டும். கேட்கிறவனை உட்காரச் சொல்லக் கூடாது. தோற்றவன் ஒத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இவை என்னைக் கைவிட்டதில்லை.

வசந்தாமணியிடம் நடந்ததைச் சொன்னேன். பெண்கள் கூட்டத்துக்குள் வருவதில்லை, மண்டபத்துக்குப் பின்னால் பஜ்ஜி போடுவார்கள். “கேட்டுதுங்க” என்றாள். கையில் எண்ணெய் தெறித்து ஒரு கொப்புளம். இந்த நகரில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போர் மோட்டார் ரிப்பேர். பிப்ரவரியிலேயே. நான் சொன்னேனா இல்லையா.

பிப்ரவரி 13, வியாழன்

டேங்கர் டிரைவருக்கு எந்த வீட்டுத் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காமலே தெரிகிறது. கவனித்துக்கொண்டேன்.

மோட்டாரை நானே போய்ப் பார்த்தேன். மெக்கானிக் காயிலை வெளியே எடுத்துக் காட்டினான். “எரிஞ்சுபோச்சுங்க. லோ வோல்டேஜுங்க. தண்ணியும் கீழ போயிருச்சு. மோட்டாரும் பழசு.” மூன்று காரணம் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. ஒரு மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. இவ்வளவு சுத்தமாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சங்கத்தின் துணைவிதியைத் தேடிப் பிடித்தேன். பதிவு செய்த நாளிலிருந்து யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. தங்கமான விதிகள். வீட்டின் பதிவு பெற்ற உரிமையாளர் மட்டுமே உறுப்பினர். வீட்டுக்கு ஒரு ஓட்டு. ஒருவருக்காக மற்றவர் போட முடியாது. பத்து உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் ரகசியத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துபாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்களின் வீடுகளுக்கெல்லாம் கிட்டுசாமிதான் இதுவரை சேர்த்துக் கைதட்டி வந்தார். அத்தனையும் போச்சு. வசந்தாமணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, “உரிமையாளருன்னா ஆருங்க?” என்று கேட்டாள். சட்ட பாஷை அப்படித்தான் இருக்கும், குறுக்கே பேசாதே என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆடிட்டர் ரகுநாதன் தன் கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்ட மாதிரி தெரிகிறது. பிறகு மறுப்பதற்காக இருக்கலாம்.

பிப்ரவரி 22, சனி

கிட்டுசாமி ஒத்துக்கொண்டுவிட்டார். “தம்பி சொல்றது நியாயந்தானுங்க. நடத்தீரலாம்” என்றார், சிரித்துக்கொண்டே. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர் எதையோ வைத்திருக்கிறார்.

தேர்தல் நடத்த யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. யாரைச் சொன்னாலும் யாராவது ஒருவர் முகம் சுளித்தார். கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் என்று முடிவாயிற்று. மூன்றாம் வீதியில் வாடகைக்கு இருக்கிறார். வாடகைக்காரருக்கு ஓட்டு இல்லை என்பதால் நடுநிலை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், கறார் பேர்வழி. அவரிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஒவ்வொரு ஓட்டுச் சீட்டிலும் எண் இருக்க வேண்டும், கிழித்த பிறகு புத்தகத்தில் நிற்கும் அடிக்கட்டையிலும் அதே எண் இருக்க வேண்டும், வாங்குகிறவர் அடிக்கட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிட்டுசாமி ஆட்கள் கள்ளச் சீட்டைத் திணித்துவிடுவார்கள்.

பொங்கல் விழா குலுக்கலுக்கு அடித்து ஒன்றுகூட விற்காத கூப்பன் புத்தகங்கள் சங்கத்தில் அப்படியே இருக்கின்றன. அடிக்கட்டை, எண், எல்லாம் இருக்கிறது. பின்பக்கத்தில் வேட்பாளர் பெயர்களை ரப்பர் ஸ்டாம்பு அடித்தால் போதும் என்றார் டீச்சர். என் யோசனையை உடனே ஏற்றுக்கொண்ட முதல் ஆள். அவர் மீதும் ஒரு கண் வைக்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

வாக்காளர் பட்டியல் ஒட்டியாயிற்று. எல்லாரிடமும் வீட்டு வரி ரசீது நகல் கேட்டு வாங்கி, ரசீதில் இருக்கும் பெயரைத்தான் டீச்சர் எழுதியிருக்கிறார்.

என் பெயர் இல்லை.

எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக ‘செ. வசந்தாமணி’ என்று இருக்கிறது. கிட்டுசாமி வீட்டுக்கு நேராக ‘கி. ருக்குமணி’. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எனக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் ஏழு பேர், ஒருவர் பெயரும் இல்லை. ஆண் பெயரில் உள்ள வீடுகள் பத்தோ பன்னிரண்டோதான். ஒருவர் வீட்டுக் கடன் வட்டிச் சலுகைக்காக மனைவி பெயரில் வாங்கியிருக்கிறார். ஒருவர் வருமான வரிக்குப் பயந்து. ஒருவர் மனைவி பெயரில் வாங்கினால் லட்சுமி தங்குவாள் என்று. நான் வாங்கியபோது ஒரு லாரிக்காரன் பொய் க்ளெய்மை நான் நிராகரித்ததற்காக என் மீது வழக்குப் போடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தான். சொத்து என் பெயரில் இருந்தால் ஜப்தி செய்துவிடுவான் என்று அவள் பெயரில் எழுதினேன். நான் முன்ஜாக்கிரதைக்காரன்.

டீச்சரிடம் போய், “நாந்தானுங்க காசு போட்டு வாங்குனது” என்றேன்.

“தெரியும் சார். வரி ரசீதுல உங்க பேர் இல்லையே. நீங்கதானே விதிப்படி நடக்கணும்னு எழுதிக் குடுத்தீங்க” என்றார் அவர். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

பேக்கரியில் எல்லா ஆண்களும் கூடினோம். கிட்டுசாமி எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

“இதுக்கு எதுக்குத் தம்பி மண்டையப் போட்டு ஒடச்சுக்கறீங்க? நீங்க உங்க ஊட்டுல நிறுத்துங்க, நான் என்ற ஊட்டுல நிறுத்தறேன். பேரு அவங்களது, வேல நம்மளது. பஞ்சாயத்துலெல்லாம் அப்படித்தான நடக்குது?”

பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் புருஷன் உட்காருவதைக் கண்டித்து நான் நாளிதழுக்கு இரண்டு முறை கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்று பிரசுரமும் ஆயிற்று. ஆனால் அது அரசாங்கம், இது சங்கம். அது வேறு, இது வேறு.

கிட்டுசாமியும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. அதுவே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

வசந்தாமணியிடம் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வேண்டாங்க.”

“நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். கையெழுத்து மட்டும் போடு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“அதுதானுங்க வேண்டாங்கறேன்.”

எது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வெங்காயம்.

மார்ச் 9, ஞாயிறு

ஓட்டுக் கேட்கப் போனோம். நான் பேசினேன், அவள் நின்றாள். டேங்கர், மோட்டார், கைதட்டல் எல்லாவற்றையும் விளக்கினேன். எல்லா வீட்டிலும் ஆண்கள்தான் கேட்டார்கள். ஓட்டு அவர்களுக்கு இல்லை என்பது அவர்களுக்கும் எனக்கும் பாதியில்தான் ஞாபகம் வரும். உடனே உள்ளே பார்த்து, “ஏ, இங்க வா, அண்ணன் என்னமோ சொல்றாரு பாரு” என்று கூப்பிடுவார்கள்.

நான்காம் வீதியில் ஒரு வீட்டில் அந்த அம்மா வசந்தாமணியை அடுக்களைக்குக் கூட்டிப்போய்விட்டாள். நான் முக்கால் மணி நேரம் அவள் புருஷனோடு உட்கார்ந்து ஏதோ பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, இரண்டு முறை சிரிப்பும். நான் எட்டிப் பார்த்ததும் நின்றது.

வரும் வழியில் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். “கருவேப்பிலைச் செடி பத்திங்க” என்றாள். கருவேப்பிலையில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 12, புதன்

மூன்றாவதாக ஒருவர் வேட்புமனு கொடுத்திருக்கிறார். ஜமுனா. முதல் வீதியில் இட்லி மாவு அரைத்து விற்கிறாளே, அந்தம்மா. புருஷன் போன பிறகு வீடு அவள் பெயருக்கு வந்தது. பொதுக்குழுவுக்குள் வருகிற ஒரே பெண், ஓரமாகத் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எதுவும் பேசி நான் பார்த்ததில்லை. கைதட்டியும் பார்த்ததில்லை, இப்போது யோசிக்கும்போது.

அவள் வாக்குறுதி இரண்டே வரி. ‘கூட்டம் மத்தியானம் மூணு மணிக்கு. பஜ்ஜி கிடையாது.’

பேக்கரியில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் ஓட்டைப் பிரிக்கக் கிட்டுசாமிதான் இவளை இறக்கிவிட்டிருக்கிறார்.

மார்ச் 15, சனி

இட்லி.

வசந்தாமணியின் போனில் ‘வளர்மதி மகளிர்’ என்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. தினமும் ஒரு பார்வை பார்த்துவிடுவேன், கோலமும் இருமல் கஷாயமும் வரும். நான்கு நாளாக அதில் ஒரு செய்திகூட இல்லை. பெண்களுக்கு அரசியலில் அக்கறை இல்லாததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மார்ச் 17, திங்கள்

மறுபடியும் இட்லி. எதற்கு இவ்வளவு மாவு வாங்குகிறாய் என்று கேட்டேன். “மாவு நல்லாருக்குதுங்க” என்றாள். வாங்கப் போனால் திரும்ப ஒரு மணி நேரம் ஆகிறது. கூட்டமாம். பக்கத்து வீட்டு ஆடிட்டர் வீட்டிலும் ஒரு வாரமாக இட்லிதானாம். அவர் பிரியமாகச் சாப்பிடுகிறார். அவருக்குச் சந்தேகப்படத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

டேங்கர் இன்று வரவில்லை. ஓட்டுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்திப் பயம் காட்டுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு லாரி பஞ்சராகி நின்றதை நானே பார்த்தேன். டயரில் ஆணி இருந்தது, பொய்யில்லை.

சோர்வாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இந்த நகரில் ஒரு மனிதன்கூட, “நீங்க கேட்டது சரிதானுங்க” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. ஆட்களை நினைக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ஓட்டு. மறைவாக. உட்காரச் சொல்லக் கூடாது. ஒத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 22, சனி

நாளைக்கு ஓட்டு. வசந்தாமணிக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று பெயர் இருக்கும், உன் பெயர் மூன்றாவது, பேனாவால் பக்கத்தில் டிக் அடி, இரண்டாய் மடித்துப் பெட்டியில் போடு.

அவள் கேட்டாள், “நா ஆருக்குப் போடறன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாது. அதுக்குத்தான ரகசிய ஓட்டுன்னு பேரு. அதுக்குத்தான நான் இத்தன நாளாச் சண்ட போட்டது.”

“கிட்டுசாமியண்ணனுக்கு?”

“தெரியாது.”

“ஆருக்குமே தெரியாதுங்களா?”

“ஆருக்குமே.”

கொஞ்ச நேரம் கழித்து, தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, மறுபடியும் நின்று அதையே கேட்டாள். அவளுக்கு இவ்வளவு ஈடுபாடு வந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. எடுத்துச் சொன்னால் யாரும் கற்றுக்கொள்வார்கள்.

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வசந்தாமணியை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். முதல் ஓட்டு நம் ஓட்டாக இருக்கட்டும் என்று. டீச்சர் புத்தகத்தின் முதல் கூப்பனைக் கிழித்துக் கொடுப்பதை வாசலிலிருந்து பார்த்தேன். 001. உடனே டீச்சர், “உறுப்பினர் அல்லாதவங்க வெளிய நில்லுங்க” என்றார். நானும் கிட்டுசாமியும் மற்ற ஆண்களும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம். வீடு தன் பெயரில் இருந்த ஆடிட்டர் எங்களைக் கடந்து உள்ளே போகும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த நகரில் இத்தனை பெண்கள் இருப்பதே எனக்குத் தெரியாது. உள்ளே போனவர்கள் வெளியே வந்து கலைந்து போகவில்லை, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

எண்ணும்போது வேட்பாளர் சார்பில் ஒருவர் உள்ளே இருக்கலாம். என்னையும் கிட்டுசாமியையும் கூப்பிட்டார்கள். ஜமுனா யாரையும் அனுப்பவில்லை. டீச்சர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, முன்பக்கமும் பின்பக்கமும் எங்கள் இரண்டு பேருக்கும் காட்டி, மூன்று குவியலாக வைத்தார்.

ஜமுனாவின் குவியல் ஏறிக்கொண்டே போனது. ருக்குமணிக்கு ஒன்பது. வசந்தாமணிக்கு ஒன்று.

ஒரே ஒன்று.

வெளியே வந்ததும் கிட்டுசாமி தன் ஒன்பதை மறந்துவிட்டு என் முதுகில் தட்டினார். “பரவால்ல தம்பி. உங்க சம்சாரமாவது உங்களுக்குப் போட்டாங்களே.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் சிரித்த காரணம் வேறு. அந்த ஒற்றைச் சீட்டின் எண் 001 இல்லை. 001 ஜமுனாவின் குவியலில் இருந்தது. டீச்சர் பிரித்துக் காட்டியபோதே பார்த்துவிட்டேன். டிக் அழுத்தமாக, கோணாமல், பெயருக்கு நேராக இருந்தது. தவறிப்போய் அடித்த டிக் இல்லை. தவறிப்போனதையும் வேண்டுமென்று செய்ததையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தோற்றவன் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜமுனாவுக்குக் கைகொடுக்கப் போனேன். அவள் கும்பிட்டாள். “அண்ணா, நீங்க மட்டும் அன்னைக்கு எந்திரிச்சுக் கேக்கலீன்னா இன்னைக்கு இது இல்லீங்க” என்றாள். இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கேட்டுவிட்டு, வசந்தாமணிக்காகக் காத்திருக்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 24, திங்கள்

இட்லி. தொடவில்லை.

முப்பத்தோரு வருஷம். கேட்டால் என்ன? என் மனைவியை நான் கேட்கக் கூடாதா? கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் வராது. பொய் வராது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

எனக்கு வலிக்கிறது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

மார்ச் 26, புதன்

சாயங்காலம் கிட்டுசாமி வந்தார். கையில் ஒரு தாள். காபி வேண்டாம் என்றார்.

“தம்பி, துணைவிதிய நானும் இப்பத்தான் படிச்சேன். தோத்த வேட்பாளருக எல்லாரும் சேந்து ஒரு வாரத்துக்குள்ள எழுதிக் குடுத்தா, ஓட்டுச் சீட்டையெல்லாம் மறுபடி எடுத்துச் சரிபாக்கலாம்னு இருக்குது. கள்ள ஓட்டு விழுந்துச்சான்னு பாக்கறதுக்கு.”

“கள்ள ஓட்டு ஒண்ணும் விழுகலீங்க. நானுந்தான பக்கத்துல இருந்தேன்.”

“அது எனக்கும் தெரியும். சீட்டுல நம்பரு இருக்குது. அடிக்கட்டைல அதே நம்பரும் கையெழுத்தும் இருக்குது. ரெண்டையும் சேத்து வெச்சா எந்தப் பொம்பள எங்க குத்துனான்னு தெரிஞ்சுபோகும். நாலாம் வீதிக்காரரு, பேக்கரிக்கு வந்தவங்க, எல்லாரும் கேக்கறாங்க. நம்ம ஊட்ல நம்ம சோத்தத் தின்னுட்டு ஆருக்குப் போட்டாளுகன்னு தெரிய வேண்டாமுங்களா? ருக்குமணி கையெழுத்துப் போட்டுட்டா. உங்க ஊட்டுக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

ருக்குமணியின் கையெழுத்தைப் பார்த்தேன். கடைசி எழுத்து தாளைக் கீறியிருந்தது.

அடிக்கட்டையும் எண்ணும் என் யோசனை. கள்ளச் சீட்டு வந்துவிடக் கூடாதே என்று நான் கேட்டு வாங்கியது. யாருக்குமே தெரியாது என்று அவளிடம் இரண்டு தடவை சொன்ன வாயும் என்னுடையதுதான்.

வசந்தாமணி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. அவள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கிட்டுசாமியைப் பார்த்து இல்லை. என்னைப் பார்த்து. இதற்கு முன்னாலும் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், வேறு ஏதோ காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

“மறைவா ஓட்டுப் போடுங்கன்னு சொல்லிக் கூப்பிட்டுட்டு, பின்னால தெறந்து பாக்கறது ஞாயமில்லீங்க” என்றேன்.

“ஞாயம் பேசற நேரமா தம்பி? உங்க ஊட்டு ஓட்டு உங்களுக்கு விழுந்துச்சான்னே தெரீல. உங்களுக்குச் சந்தேகம் வல்லீங்களா? உங்களுக்கு?”

“இல்லீங்க. அந்த ஒண்ணு எங்க ஊட்டு ஓட்டுத்தான். எனக்கு நல்லாத் தெரியும்.”

இருபத்தேழு வருஷத்தில், பொய் என்று தெரிந்து ஒரு க்ளெய்மைக்கூட நான் பாஸ் செய்ததில்லை. இன்று செய்தேன். சொல்லும்போது குரல் பிசகவில்லை.

வசந்தாமணி நிலையிலிருந்து கையை எடுத்தாள். கூடத்துக்கு வந்து, கிட்டுசாமிக்கு முன்னால் நின்றாள். “என்ற கையெழுத்துக் கெடையாதுங்கண்ணா” என்றாள்.

கிட்டுசாமி என்னைப் பார்த்தார். “என்னுங்க தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாப் போட்டுருவாங்க.”

அது உண்மைதான். சொன்னால் போட்டிருப்பாள், ஐந்தாம் தேதி போட்ட மாதிரி.

“வேட்பாளர் அவங்கதானுங்க. அவங்களே சொல்லிட்டாங்க” என்றேன்.

அவர் தாளை மடித்துக்கொண்டு போனார். செருப்பு மாட்டும்போது என்னமோ முணுமுணுத்தார், காதில் விழவில்லை. வசந்தாமணி உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மார்ச் 30, ஞாயிறு

கெடு முடிந்தது. ஸ்டெல்லா டீச்சர் மண்டபத்தின் பின்னால், பஜ்ஜி அடுப்பு மூட்டும் இடத்தில், கூப்பன்களையும் அடிக்கட்டைகளையும் எல்லார் முன்னிலையிலும் போட்டுக் கொளுத்தினார். சாட்சிக்கு வேட்பாளர்கள் மூன்று பேரும் நின்றார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். முழுவதும் எரிந்ததா என்று மட்டும் எட்டிப் பார்த்தேன். எரிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

புதிய தலைவரின் முதல் கூட்டம், மத்தியானம் மூன்று மணிக்கு. “சாப்பாடு மேசைல இருக்குதுங்க. நா கூட்டத்துக்குப் போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வசந்தாமணி கிளம்பினாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. நான் உறுப்பினர் இல்லை, போக முடியாது. ரசம் ஆறியிருந்தது, சுட வைக்கத் தெரியாமல் அப்படியே சாப்பிட்டேன்.

ஐந்தரைக்கு வந்தாள். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டாரை வெளி மெக்கானிக்கிடம் காட்டப் போகிறார்களாம். டேங்கருக்கு இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்கிறார்களாம். கிட்டுசாமியின் மச்சானும் விலை கொடுக்கலாமாம், அவரை விலக்கக் கூடாது என்று இவள் எழுந்து சொன்னாளாம். சந்தேகம் மட்டும் இருந்தால் போதாது என்றாளாம். ருக்குமணி ஒரு கேள்வி கேட்டாளாம். யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லையாம்.

இத்தனையையும் கேட்டுக்கொண்டேன். நல்லது என்றேன். மனதார நல்லது என்றேன். ஆனால் இரண்டு வாரமாக ஒன்று மட்டும் உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. எனக்குக் கையெழுத்துப் போட்ட அந்த ஏழு பேரில் ஒருவரின் மனைவியா? ஆடிட்டரா? ஜமுனாவேவா? ருக்குமணியா? ஒவ்வொருவர் முகத்தையும் வீதியில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் வாயை விட்டேன்.

“எனக்கு ஒரு ஓட்டு விழுந்துச்சில்ல வசந்தா. அது ஆருன்னு உனக்குத் தெரியுமா?”

சொன்ன பிறகுதான் எதை ஒத்துக்கொண்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகப் போனவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்த முகத்தில் பயம் இல்லை.

“உங்களுக்கு ஒரு ஓட்டும் விழுகலீங்க,” என்றாள். “அது எனக்கு விழுந்தது.”